கொக்கு ஐயாவின் குடையும் என் அம்மாவின் காலும்

1

"கொழுந்து கிள்ளுறவ மகளுக்கு என்ன பாஷை தெரியும்? சீமையில போயி இவ வாயத் தொறந்தா எவன் காது குடுத்துக் கேப்பான்?"

இதைச் சொன்னவர் கருப்பையா கங்காணி. வண்டிப்பெரியாருக்கு மேலே உள்ள எங்கள் எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு மேலாள். பாலக்காட்டில் நர்சிங் படித்து முடித்து, இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு உத்தரவு வாங்கிக்கொண்டு நான் லயத்துக்கு, எஸ்டேட்டின் வரிசை வீட்டுக்கு, வந்திருந்த நேரம். ரேஷன் கடை வாசலில், நான் நிற்பது தெரிந்தேதான் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். திமிர் கொஞ்சம் உண்டு. "கேக்க வைக்கிறேன் பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கேட்டார்கள். ரேடியோவிலேயே கேட்டார்கள்.

போன வாரம் எங்கள் வார்டில் ஒரு பையன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, காலைக் கப்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தலைமாட்டில் டிரான்சிஸ்டர். நான் காய்ச்சல் பார்க்கிற கருவியை அவன் வாயில் வைத்த நேரம் அந்தப் பாட்டு வந்தது. முதலில் ஒரு பெண் குரல், பாட்டாக இல்லாமல், மலையில் யாரையோ கூப்பிடுவதுபோல. பிறகு கிட்டார். பையன் கண்ணை மூடிக்கொண்டு கால்விரலை ஆட்டினான், கட்டுப் போடாத காலை. கருவியை எடுத்ததும், "சிஸ்டர், இந்தப் பொம்பளை யாரைக் கூப்பிடுகிறாள் தெரியுமா? யாரையுமே இல்லை. அதுதான் அருமை" என்றான்.

நான் யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியும். சூடு எவ்வளவு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

2

ஊரில் நான் பேச்சி. இங்கே என் பெயர் நர்ஸ் மாடசாமி. குடியேற்ற அதிகாரி குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்று விளக்கிப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அப்பா பெயரை எழுதிக்கொண்டார். நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போன, கைநாட்டு வைக்க மட்டும் தெரிந்த என் அப்பாவை இந்த ஆஸ்பத்திரி முழுக்க நாள் பூராவும் கூப்பிடுகிறார்கள். "மாடசாமி, பெட்பேன்!" "மாடசாமி, டாக்டர் தேடுகிறார்!" முதல் மாதம் ஒவ்வொரு தடவையும் அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டது. பழகிவிட்டதே என்பதுதான் இப்போது வருத்தம்.

என்னோடு அறையில் இருப்பவள் மேரிக்குட்டி. கோட்டயம்காரி. அவளோடு மலையாளம், வார்டில் இங்கிலீஷ், தமிழ் எனக்கு நானே. பாலக்காட்டில் படிக்கும்போது கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் நோயாளிகள் "ஏனுங்க சிஸ்டர், ஊசி வலிக்குங்களா?" என்று கேட்பார்கள். அதைக் கேட்டு அப்போது சிரிப்பேன். நம் எஸ்டேட்டுத் தமிழுக்கு அது ரொம்ப மரியாதையாக இருந்தது. இங்கே வந்த பிறகு, அப்படி ஒரு 'ங்க' காதில் விழாதா என்று பஸ் நிறுத்தங்களில் ஏங்கியிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, நானும் மேரிக்குட்டியும் வேலை முடிந்து பூங்கா வழியாக வந்துகொண்டிருந்தோம். இந்த ஊர் மில் புகையும் பனியும் சேர்ந்தால் நீட்டிய கை தெரியாது. பேசிக்கொண்டே வந்தவள் திடீரென்று பக்கத்தில் இல்லை. "மேரீ" என்றேன். சத்தம் பஞ்சில் போட்டதுபோல அமுங்கிவிட்டது. அப்புறம் நான் யோசிக்கவில்லை. தொண்டை தானாகவே திறந்தது.

"இருக்கியோ...ய்!"

எங்கிருந்தோ மேரிக்குட்டி, "எந்தாடீ! ஆளுகள் கேக்கும்!" என்று பல்லைக் கடித்தாள்.

ஆள் கேட்டுவிட்டான். அவன் பெயர் ராபின்.

3

அந்தக் கூப்பாட்டைப் பற்றி எஸ்டேட்டில் பிறக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

மூடுபனியை நாங்கள் மஞ்சு என்போம். அது இறங்கினால் மலையில் பக்கத்துத் தேயிலை நிரையில் நிற்கிறவளைக்கூடப் பார்க்க முடியாது. காட்டெருமை வரும். கானில், அதாவது தேயிலைக்கு நடுவே வெட்டிய வடிகால் பள்ளத்தில், கால் தவறும். அதனால் ஒருத்தி கூப்பிடுவாள்: "இருக்கியோ...ய்!" காதில் விழுந்தவள் பதில் தந்தே ஆக வேண்டும்: "இருக்கேனோ...ய்!" அப்புறம் அவள் கூப்பிடுவாள், அடுத்தவள் பதில் தருவாள். இப்படியே மலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும். கூப்பிட்டவளுக்குப் பதில் வராவிட்டால் அந்தப் பக்கம் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் கூடையை இறக்கிவிட்டு ஓடுவார்கள். பதில் தருகிற விஷயத்தில் சண்டை, சாதி, பங்காளிப் பகை எதுவும் பார்ப்பதில்லை. எங்கள் லயத்தில் ஓர் அண்ணியும் நாத்தனாரும் ஒரு பித்தளைக் குடத்துக்காகப் பேச்சை முறித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சு இறங்கினால் மட்டும் ஒருத்தி கூப்பிட மற்றவள் பதில் தருவாள். வெயில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கூப்பாட்டின் கடைசி இழுப்பு வீட்டுக்கு வீடு வேறு. என் அம்மா அதை மேலே கொண்டுபோய், சட்டென்று ஒரு படி இறக்கி விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு அவளுக்குச் சோறு கொண்டுபோகும்போது அதைத்தான் நானும் படித்தேன். அந்த மலையில் அந்த இழுப்பு இருந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். என் தங்கை செண்பகத்துக்கு வரவில்லை. அவளுக்குக் கீச்சுக் குரல்.

4

ராபின் எங்கள் தெருவில்தான் இருந்தான். பகலில் பஸ் கண்டக்டர். தோள் வரை முடி, கழுத்தில் பாசிமணி. வண்டிப்பெரியார் கடைத்தெருவில் நடந்தால் ஹிப்பி என்று பின்னாலேயே போவார்கள். அவனும் மூன்று சிநேகிதர்களும் நிலக்கரி கொட்டுகிற நிலவறையில் பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். பெயர், 'மிஸ்டர் ஹெரான்ஸ் அம்ப்ரெல்லா'. கொக்கு ஐயாவின் குடை.

"கொக்குக்கு எதுக்குக் குடை?" என்று கேட்டேன்.

"அதுதானே!" என்றான், நான் பெரிய விஷயத்தைப் புரிந்துகொண்டதுபோல.

அவர்கள் வாசிப்பதற்கு இங்கே சைக்கடெலிக் என்று பெயர். கேட்கிறவனை அவன் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து தூக்கி வேறெங்கோ வைக்கிற பாட்டு. கிட்டார் சத்தத்தை ஒரு நாடாப்பெட்டி வழியாக விட்டு எதிரொலிக்க வைப்பார்கள். பதிவு செய்ததைப் பின்னாலிருந்து முன்னால் ஓட்டுவார்கள். மூடிப்போன ஒரு சர்ச்சிலிருந்து வாங்கிய கால்மிதி ஆர்மோனியம் ஒன்று, அடியில் தேனீ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டே இருக்கும். பெரிய கம்பெனி எதுவும் அவர்களைச் சீண்டவில்லை. தாங்களே பதிவு செய்து, ஒரு சின்னப் பட்டறையில் இசைத்தட்டு அடித்து, கடை கடையாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பூங்காவில் கேட்டதைத் தங்கள் பாட்டில் வைக்க வேண்டும் என்று ராபின் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். மேரிக்குட்டி கதவைப் பாதி திறந்து, "போயிட்டு வரான் பற" என்றாள் என்னிடம், அவனைத் திருப்பி அனுப்பிவிடு என்று. நான் அவனோடு போனேன். எனக்கு ஆசையாக இருந்தது. அதை மறைத்து என்ன?

சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் மின்சாரம் போய்ப் போய் வந்த மாதம் அது. சுவரெல்லாம் கம்பளி கட்டியிருந்தார்கள். மைக் முன்னால் நின்று நான் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்க முடியவில்லை. பழக்கம். அதனால் பதிலும் நானே தந்தேன், ரெண்டடி தள்ளி நின்று, அண்ணி நாத்தனாரில் அந்த அண்ணியின் குரலில். ராபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். பிறகு கரண்ட் போய்விட்டது. இருட்டில் எல்லாரும் கைதட்டினார்கள்.

5

ஆல்பத்தின் பெயர் 'ரெய்ன் இன்டோர்ஸ்'. வீட்டுக்குள் மழை. முதல் பக்கத்தில் சின்னச் சின்னப் பாட்டுகள். கடைசி பஸ்ஸில் தனியாகப் போகிற கண்டக்டரைப் பற்றி ஒன்று உண்டு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மறுபக்கம் முழுக்க ஒரே பாட்டு, 'ஃபாக் லேடி'. ஆர்மோனியம் மெல்ல எழும். கிட்டார் மஞ்சு மாதிரியே பரவி, எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாமல் சுற்றும். இனி வழியே இல்லை என்று தோன்றுகிற இடத்தில் என் கூப்பாடு. எல்லா வாத்தியமும் நிற்கும். வெறும் அமைதி. பிறகு பதில். அந்த இடத்தில் மேளம் திரும்ப வரும்போது, பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே மயிர்க்கூச்செறியும்.

ஆனால் முதலில் வந்தது ஆல்பம் இல்லை, சிங்கிள். விரித்த கை அகலத்துக்கு ஒரு தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. ரேடியோக்காரர்கள் நீளப் பாட்டைப் போட மாட்டார்கள். அதனால் 'ஃபாக் லேடி'யை வெட்டிச் சுருக்கினார்கள். கூப்பாட்டைத் தூக்கி முதலில் வைத்து, திரும்பத் திரும்ப ஒட்டினார்கள். அமைதிக்கு இடமில்லை. பதிலுக்கும் இடமில்லை. உறையில் ஊதா நிறத்தில் ஒரு பெண், தலைமுடி புகையாகப் போகிறது, முகம் இல்லை. பின்னால் சின்ன எழுத்தில்: குரல், மாடசாமி.

தட்டு கையில் வந்த அன்று நான் அதை ஒழுங்காகக் கேட்கக்கூட இல்லை. எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் அப்பா பெயர். உடனே இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி ஊருக்கு அனுப்பினேன். பொறுத்திருந்து ஆல்பத்தை அனுப்பியிருக்கலாம். எல்லாப் பெருமையும் போலவே என் பெருமைக்கும் அவசரம்.

6

லயத்தில் யாரிடமும் ரெக்கார்டு போடுகிற பெட்டி கிடையாது. அதனால் செண்பகம் தட்டை வண்டிப்பெரியாரில் மைக் செட் கடை வைத்திருக்கும் தோமாச் சேட்டனிடம் கொடுத்தாள். கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா பெருநாள், மாரியம்மன் கொடை எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய்தான். எஸ்டேட் மாரியம்மன் கொடைக்கு முந்தின நாள் காலையில் அவர் மரத்தில் குழாயைக் கட்டினார். திசை பார்த்து மலைப் பக்கம் திருப்பினார். செட் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். சாமிப் பாட்டை நாளைக்குத்தானே போடப் போகிறோம், இன்றைக்குப் பேச்சியின் ஃபாரின் தட்டைப் போட்டு அவளுடைய அம்மாவை அசத்துவோம் என்று நினைத்தார். நல்ல மனசுக்காரர்.

மலையில் மஞ்சு. பெண்கள் நிரையில் நின்றார்கள்.

குழாய்ச் சத்தத்தில் ஆர்மோனியமும் மேளமும் தூரம் போகாது, காற்றிலேயே கரைந்துவிடும். மலை ஏறுவது குரல் மட்டும்தான். அந்தக் குரல் என் அம்மாவுக்கு எட்டியது. அவள் பெற்ற மகள், சீமையில் இருக்கிறவள், மஞ்சுக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள். இருக்கியோ...ய்.

அம்மா பதில் தந்தாளாம். மறுபடியும் கூப்பாடு. பக்கத்து நிரையும் பதில் தந்ததாம். மறுபடியும் கூப்பாடு. மலை முழுக்கப் பதில் தருகிறது, கூப்பிடுகிறவள் காதில் விழவே இல்லை. பெண்களெல்லாம் கூடையை இறக்கிவிட்டார்கள். அம்மா எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். கானில் கால் போய், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தூக்க வந்தவர்களிடம், "என்னய விடுங்க, அங்கிட்டு அவ தனியா கெடக்கா, போய்ப் பாருங்க" என்றாளாம்.

செண்பகத்தின் கடிதம் வந்த அன்றே டிரங்க் கால் பதிவு செய்து தோமாச் சேட்டன் கடைக்குப் பேசினேன். எங்கெங்கோ சுற்றி, ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சிலும் ஒரு "ஹலோ" வாங்கி, கடைசியில் அவர் குரல் வந்தது. அழுதுகொண்டிருந்தார்.

"மோளே, சத்தியமாட்டும் எனக்குத் தெரியாது. நம்ம பேச்சியோட சத்தமாச்சேன்னு பெருமையா வச்சதாக்கும். நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கு உங்க மலைக் கூப்பாடு என்ன தெரியும்?"

"நீங்க என்ன பண்ணுவீங்க சேட்டா" என்றேன்.

"அந்தத் தட்ட ஒடச்சுப் போடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை.

7

ராபினிடம் சொன்னேன். தெருவில் நின்றுகொண்டே கேட்டான், டிக்கெட் பையைத் தோளிலிருந்து இறக்காமல்.

"அது பதில் கேட்கிற கூப்பாடு என்று நீ எங்களுக்குச் சொல்லவில்லையே."

"நான்தான் பதிலையும் தந்தேனே. நீங்கள்தான் வெட்டினீர்கள்."

"வெட்டினதால்தான் ஜனங்களுக்குப் பிடித்தது, பேச்சி." சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "மேடையில் இனிமேல் முழுசையும் வாசிக்கிறோம்" என்றான். வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ரேடியோவில் வருவது வெட்டினதுதான். அது இனி யார் கையிலும் இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். அந்தச் சிங்கிளில் என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆல்பத்தில் இருப்பதைவிட நன்றாக. ஆறுதல் இல்லாததால் நன்றாக. அம்மாவின் காலை நினைத்துக்கொண்டு கேட்டாலும் நன்றாக.

கால் கூடிவிட்டது, ஆனால் கோணலாக. சரிவில் நிற்க முடியாது. கொழுந்து எடுக்க முடியாது. எஸ்டேட்டில் ஒரு சட்டம் உண்டு. வீட்டில் ஒருவர் பெயராவது தொழிலாளர் பேர்ப்பதிவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது செண்பகம். அவள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, பாலக்காட்டில் காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் இடம் வாங்கி வைத்திருந்தாள். ஓணம் விடுமுறை முடிவதற்குள் சேராவிட்டால் அந்த இடம் போய்விடும்.

கருப்பையா கங்காணி வீட்டுக்கு வந்தாராம். கெட்டவர் இல்லை, அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது. "புள்ள பேரப் பதிஞ்சிரலாம் மதினி. அபேட்சை மனுவுல ஒரு கையொப்பு போட்டாப் போதும். அவதான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவளாச்சே, அழகா போட்டுருவா."

செண்பகம் இதை எனக்கு எழுதியபோது வேறொன்றும் எழுதவில்லை. அழுததாகக்கூட எழுதவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை வெகுநாளாகக் காலியாக இருந்தது. மலைக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். அங்கே நான் சேர்ந்தால் குவார்ட்டர்ஸ் உண்டு. அம்மாவை உடன் வைத்துக்கொள்ளலாம். யார் பெயரையும் எதிலும் பதிய வேண்டியதில்லை. விண்ணப்பம் போட்டேன், உத்தரவும் வந்துவிட்டது. மேரிக்குட்டிக்குத்தான் கோபம்.

"நினக்குப் பிராந்தாணோ, பைத்தியமா? இவிடே ஸ்டாஃப் நர்ஸ் ஆவதற்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்! தங்கச்சிக்கு வேறு வழி பாரேன்."

"பாத்தேன் மேரீ. இல்ல."

மூன்றாம் நாள் தன் கம்பளிச் சட்டையை மடித்து என் கட்டில்மேல் வைத்தாள். "உங்கள் மலையிலும் குளிர்தானே" என்றாள். எனக்குப் போக விருப்பமில்லை என்று அவளுக்குத் தெரியும். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. டாக்டர் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டுகிற கை எனக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு பரீட்சை எழுதியிருந்தால் வார்டு என் பொறுப்பில் வந்திருக்கும். அந்த நான் இனி எங்கேயும் இருக்கப்போவதில்லை.

8

அம்மாவிடம் நேற்றுத்தான் பேசினேன். கால் காட்டுவதற்காக எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வரும் நேரம் பார்த்து, அங்கிருக்கிற போனுக்குக் கால் போட்டேன். கம்பவுண்டர் அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அம்மா போனில் பேசுவது இதுதான் முதல் தடவை. மலைக்கு அப்பால் இருக்கிறவளிடம் பேசுகிற சத்தத்தில் பேசினாள்.

"ஏ பேச்சி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா. கால் எப்படி இருக்கு?"

"அது கெடக்கு. நீ ஒண்ணு சொல்லு. அத்தன தடவ கூப்புட்டியே, ஒருத்தி பதில் குடுத்தாளா? அந்த ஊர்ல மனுசங்களே இல்லையா?"

"அம்மா, அது பாட்டும்மா. செண்பகம் சொல்லலையா?"

"சொன்னா. பாட்டுன்னா மொதல்லயே சொல்ல வேண்டாமா? ஈரக்கொலையப் பதற வச்சிட்டியே."

கம்பவுண்டர் பக்கத்தில் சிரிப்பது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அம்மா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய குரலே கடல் தாண்டிக் கேட்டது.

"இந்தா பாரு. நீ இங்கிட்டு வரப் போறன்னு கம்பவுண்டரு என்னமோ சொல்றாரு. வராத. எம் மக சீமையில இருக்கான்னுதான் இந்தக் கால வச்சுக்கிட்டும் நான் நிமிந்து நடக்கேன். ஒருத்தியாவது மேல இருக்கட்டும். சின்னவள நான் பாத்துக்கிடுறேன், அவ கொழுந்து எடுப்பா, நான் எடுக்கலையா?"

"அம்மா..."

"வரமாட்டேன்னு சொல்லு."

ஏதோ ஓர் எக்ஸ்சேஞ்சில் நேரம் முடியப்போகிறது என்று மலையாளத்தில் சொன்னார்கள்.

"சொல்லுடி."

என் ராஜினாமாவில் மேட்ரன் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரி எனக்குத் தந்த உத்தரவின் நகலை வைத்துக்கொண்டு செண்பகம் பாலக்காட்டுக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். புத்தகமும் பாத்திரமும் கம்பளிச் சட்டையும் போட்டுப் பூட்டிய என் டிரங்குப் பெட்டி, போன வாரம் கப்பலேறி, அம்மா கேட்ட அந்த நிமிஷத்தில் எங்கோ நடுக்கடலில் இருந்தது.